சதியறை விளையாட்டு

விளையாட்டுக்களில் உடலை வளர்ப்பன உண்டு. அறிவைத் தீட்டுவன உண்டு. இரண்டும் செய்யாது பொழுதை மட்டும் போக்குவனவும் உண்டு. நம் பாட்டிமார் திண்ணையிலிருந்து போட்ட விடுகதை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தோற்றேனென்று பிள்ளை ஒப்புக்கொண்டாலன்றிப் பாட்டி விடையை அவிழ்க்கமாட்டாள். அவ்விடுகதையையே ஓர் அறையாகக் கட்டி, நம்மை அதனுள் வைத்துக் கதவைச் சாத்தினால் எவ்வாறிருக்கும்? 'எஸ்கேப் ரூம்' என்று இக்காலத்து இளைஞர் வழங்கும் விளையாட்டு அத்தகையதே. நம் கல்லூரி மாணவருட் சிலர் இதனை ஆடியிருப்பர். ஆடாதவர் கேள்வியுற்றேனும் இருப்பர். இதனை இகழ்வது எம் கருத்தன்று. இதன் பல வகைகளுள் சதிக்கதையை அடிப்படையாகக் கொண்டது ஒன்றுண்டு. அதனை ஆடியவர் தம்மையறியாமலே வெளியே கொண்டுவந்துவிடும் ஒரு மனப்பழக்கத்தைக் குறித்தே ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

விளையாட்டின் முறை எளிது. நால்வர் முதல் எண்மர் வரை ஒரு குழுவாக உள்ளே செல்வர். கதவு சாத்தப்படும். அறுபது நிமிடம் தவணை. மேசை, அலமாரி, படம், கடிகாரம் ஆகியவற்றில் மறைந்து கிடக்கும் குறிப்புக்களைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, எண்பூட்டுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஈற்றில் வாயிற்கதவைத் திறத்தல் வேண்டும். இது கணினித் திரையிற் பிறந்தது. 2004இல் ஜப்பானியராகிய தொஷிமிட்சு தாகாகி என்பவர் 'கிரிம்சன் ரூம்' என்னும் விளையாட்டை அமைத்தார். சிவப்பறை ஒன்றில் அடைபட்டவன் அங்குள்ள பொருள்களைத் துருவி வெளியேறுதலே அது. 2007இல் கியோட்டோ நகரில் தகாவோ காட்டோ என்பவர் இத்தகைய ஆட்டத்தை மெய்யான மனிதர் மெய்யான அறையில் ஆடுமாறு செய்தார். 2011இல் அது ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டில் வேரூன்றிற்று. அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் பரவி, பின்னர்ச் சென்னை, பெங்களூர், ஐதராபாத் முதலிய நம் நகரங்களையும் வந்தடைந்தது.

அரியூரிலும் அதனையடுத்த ஊர்களிலும் பிறந்து வளர்ந்த யாம் அறுவர், சென்ற விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்த காலை, இத்தகைய அறையொன்றினுட் புகுந்தோம். அதன் பெயரும் தெருவும் ஈண்டு வேண்டா. வாயிலில் எம் கைப்பேசிகளை வாங்கி ஒரு பெட்டியிலிட்டுப் பூட்டினர். கதை இது: பத்திரிகையாசிரியர் ஒருவர் காணாமற் போய்விட்டார். உலகத்து அரசுகளையும் வங்கிகளையும் பின்னின்று ஆட்டுவிக்கும் மறைகுழு ஒன்றைப் பற்றி அவர் ஆராய்ந்துகொண்டிருந்தாராம். அவருடைய அறைதான் அது. குழுத்தலைவன் யாரென்பதை ஒரு மணி நேரத்துக்குள் கண்டு, அவன் பெயருக்குரிய எண்ணைக் கதவுப் பூட்டில் திருப்ப வேண்டும்.

சுவர் நிறையப் புகைப்படங்கள். படத்துக்குப் படம் சிவப்பு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. ஓர் உலகப்படம். மூன்று நாற்பதில் நின்றுபோன கடிகாரம். குதிரைக் காயொன்று குறைந்த சதுரங்கப் பலகை. ஊதா ஒளியிற் பிடித்தாலன்றி எழுத்துத் தெரியாத ஒரு கடிதம். முதற் பத்து நிமிடம் அறுவரும் ஒரே சமயத்திற் பேசினோம். பின்னர் வேலை தானாகவே பங்காயிற்று. கடிகார முட்கள் காட்டும் திசையை உலகப்படத்தில் வைத்து ஒருவர் பார்த்தார். சதுரங்கக் குதிரை தாண்டிச் செல்லும் கட்டங்களை எண்ணி மற்றொருவர் ஒரு பெட்டியைத் திறந்தார். அப்பெட்டி 'டக்'கென்று திறந்தபொழுது எமக்குண்டான களிப்பை எந்தத் தேர்வு முடிவும் இதுவரை தந்ததில்லை. ஆசிரியன்மார் பொறுத்தருள்வாராக.

எம்முள் வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் உளர். மேசைக்கடியிற் படுத்துத் துருவியவர், பலகையின் அடிப்புறத்தில் 17, 6, 11 என்று பென்சிலால் எழுதியிருக்கக் கண்டு கூவினார். புதுவைப் பக்கத்துப் பிள்ளைக்கு அவ்வெண்கள் வேறென்னவாகத் தோன்றும்? 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாளன்றோ மணியாச்சிச் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார்! சதியைப் பற்றிய அறையில் சதியின் நாள். நண்பர் எழுந்து நின்றார். சில நிமிடங்களில் ஒரு மாளிகையே கட்டிவிட்டார். உலகப்படத்தில் தென்னிந்தியாவின் மேல் ஓர் ஊசிக்குத்து இருந்தது. புகைப்படம் ஒன்றில் மீசை வைத்த வெள்ளையர் ஒருவர் இருந்தார். கடிகாரம் நின்ற நேரம் ஒரு புகைவண்டிக்குரிய நேரமாகத்தான் இருத்தல் வேண்டும். யாவும் யாவற்றோடும் பொருந்தின. அவ்வெண்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பூட்டைத் திருப்பினார். பூட்டுத் திறக்கவில்லை. அப்பொழுது மற்றொரு நண்பரின் தங்கை, செவிலியர் கல்வி பயில்பவள், குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது தச்சர் போட்ட அளவு. பலகை அறுக்குமுன் எங்கள் அப்பாவும் இப்படித்தான் எழுதிவைப்பார்" என்றாள். அவள் தந்தையார் தச்சுத் தொழிலர்.

ஐம்பத்தெட்டாம் நிமிடத்தில் வாயிற்கதவு திறந்தது. தலைவன் யாரென்பதைக் கூறி, இனி ஆடச் செல்வாரின் இன்பத்தைக் கெடுக்கமாட்டோம். அன்று மாலை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பேருந்தில் திரும்பினோம். மாமல்லபுரம் கடந்தது, மரக்காணம் கடந்தது, வரலாற்று நண்பர் மட்டும் ஓயவில்லை. தச்சன் போட்ட அளவாயின் அது ஏன் அந்த நாளாகவே அமைதல் வேண்டும்? அறையை அமைத்தவர் அறிந்தே வைத்திருக்கின்றனர். அதற்குரிய பெட்டியைத்தான் நாம் காணவில்லை. தச்சர் மகள் கூறியதும் அவர் கருத்துக்கு ஆதரவாகவே முடிந்தது. தச்சன் எழுதியதுபோல் தோன்றவேண்டுமென்றே அவ்வாறு எழுதினராம்! இன்றும் அவர் அக்கொள்கையை விட்டாரில்லை. அவர் அறிவிற் குறைந்தவரல்லர். எம் அறுவருள் மிகுதியாகப் படித்தவர் அவரே. அதனாலன்றோ இது சிந்திக்கத்தக்கதாயிற்று.

இவ்விளையாட்டைக் காசுக்குக் கேடென்று கூறும் பெரியோருளர். அவர்க்கு யாம் உடன்படோம். ஒரு மணி நேரம் கைப்பேசியின்றி அறுவர் ஒரே பொருளை நோக்கிச் சிந்தித்தல் இந்நாளில் அரிய காட்சி. அங்கே உரக்கப் பேசுபவர் வெல்வதில்லை. காதுகொடுத்துக் கேட்பவர் உள்ள குழுவே வெல்லும். வகுப்பில் வாய் திறவாத மாணவர் அங்கே தலைவராதலுங் கூடும்.

ஆயினும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இதில் பூட்டு என்பது பாவனைப் பூட்டாகவே இருத்தல் வேண்டும். 2019 ஜனவரி 4ஆம் நாள் போலந்து நாட்டுக் கோஷாலின் நகரில் இத்தகைய அறையொன்றில் தீப்பற்றி, பிறந்தநாள் கொண்டாடச் சென்ற பதினைந்து வயதுச் சிறுமியர் ஐவர் வெளியேற வழியின்றி மாண்டனர். 2024 மே 25இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் வேறுவகை விளையாட்டுக்கூடமொன்றில் எழுந்த தீ இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. யாம் சென்ற இடத்தில், உள்ளிருந்தே கதவைத் திறக்கும் பொத்தானைக் காட்டிய பின்னரே கதை சொல்லத் தொடங்கினர். அதனைக் காட்டாத இடத்தில் காசு கொடுத்து உள்ளே செல்லாதீர்கள்.

இனி நண்பரின் மாளிகைக்கு வருவோம். சதியறையினுள் ஒரு பொருளும் வாளா கிடப்பதில்லை. கடிகாரம் நின்றதென்றால் ஒருவர் அதை நிறுத்தியிருக்கின்றார். காய் குறைந்ததென்றால் ஒருவர் அதை எடுத்திருக்கின்றார். யாவற்றையும் ஒரே மூளை திட்டமிட்டு அமைத்திருக்கின்றது, வேண்டிய திறவுகோல் யாவும் அறைக்குள்ளேயே இருக்கின்றன, விடை ஒன்றே, அதுவும் அறுபது நிமிடத்துள் அகப்படும். ஒரு விளையாட்டுக்கு இவை நல்ல விதிகள். உலகத்துக்கு இவை விதிகளல்ல. உலகில் கடிகாரம் சாவி கொடாமையால் நிற்கின்றது. காயைக் குழந்தை எடுத்துப்போய்க் கிணற்றிற் போட்டுவிடுகின்றது. மேசைக்கடியில் தச்சன் தன் அளவை எழுதிவைத்துப் போய்விடுகின்றான். தொடர்பில்லாதவற்றிடையே தொடர்பும் பொருளும் காணும் மனநிலைக்குக் கிளவுஸ் கோன்ராட் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1958இல் ஒரு பெயரிட்டு, மனநோயின் தொடக்க நிலையை அதனால் விளக்கினார். நோயில்லாத நமக்கும் அதன் சாயல் சிறிது உண்டு. மேகத்தில் யானை காணாத பிள்ளை யார்?

சதியென்பதே உலகில் இல்லை என்று யாம் கூறுவதாக எண்ணற்க. அவ்வாறு கூற எம் ஊர்க்காரர்க்கு வாயுமில்லை. அரியூரிலிருந்து கிழக்கே சென்றால் வில்லியனூர். அதனைக் கடந்தால் புதுவை. மேற்கே சிறிது தொலைவில் கண்டமங்கலம்; அது தமிழ்நாடு. இன்று பெட்ரோல் விலையையும் மதுக்கடைப் பலகையையும் கொண்டே வழிப்போக்கர் அவ்வெல்லையை அறிகின்றனர். 1947 வரை அது ஆங்கில ஆட்சிக்கும் பிரெஞ்சு ஆட்சிக்கும் இடையே கிழித்த கோடு. 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை இந்திய அரசுக்கும் பிரெஞ்சு ஆட்சிக்கும் இடையே கிழித்த கோடு. அக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஆங்கிலப் போலீசாரின் கை எட்டாது. அதனாலேயே 1908இல் சுப்பிரமணிய பாரதியாரும், 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அவ்வாண்டின் பிற்பகுதியில் மாறுவேடத்தில் வ. வே. சு. ஐயரும் புதுவையை வந்தடைந்தனர். அவர்களைப் பின்பற்றி ஒற்றர்களும் வந்தடைந்தனர். 1879இல் போடப்பட்ட விழுப்புரம்–புதுவை இருப்புப்பாதை வழியே அந்நாளில் வந்திறங்கியவருள் யார் விருந்தினர், யார் வேவுகாரர் என்று பிரித்தறிதல் அரிது.

மணியாச்சியில் நிகழ்ந்தது மெய்யான சதி. வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் பின்னால் ஒரு மறைகுழு இருந்தது. ஆனால் அக்குழு எவ்வாறு வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். எவரும் புகைப்படங்களுக்கிடையே சிவப்பு நூல் கட்டி அதனைக் கண்டுபிடிக்கவில்லை. வீடுகள் சோதனையிடப்பட்டன, கடிதங்கள் அகப்பட்டன, குழுவைச் சேர்ந்தவருட் சிலரே அரசுச் சாட்சிகளாயினர். சில மாதங்களுக்குள் வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1912இல் தீர்ப்பாயிற்று. பதினால்வர் குற்றஞ்சாட்டப்பட்டு ஒன்பதின்மர் தண்டனை பெற்றனர். நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழாண்டுச் சிறை. உயிரையும் கொடுக்கத் துணிந்த சிலர் கூடிய சிறு குழுவின் மறைவே இத்தனை விரைவிற் குலைந்ததென்றால், ஆயிரக்கணக்கானோர் பல்லாண்டு வாய்மூடியிருந்து உலகை ஆள்கின்றனர் என்பதை எங்ஙனம் நம்புவது? மேலும் அக்கொலையால் நாட்டில் பெருங்கிளர்ச்சி மூளுமென்று எண்ணினர். மூளவில்லை, புதுவையில் ஒற்றர் கூட்டமே பெருகிற்று. சதிகள் உண்டு, ஆனால் சதி செய்தவர் கருதியவாறு அவை முடிதல் அரிது என்று கார்ல் பாப்பர் என்னும் தத்துவஞானி 1945இல் வெளிவந்த தம் நூலொன்றில் விளக்கியிருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இதனினும் சுவையான மற்றொன்று, ஆஷ் கொலைக்குப் பின்னர்ப் புதுவையிலேயே நிகழ்ந்தது. அடைக்கலம் புகுந்தவர்களைப் பிரெஞ்சு மண்ணிலிருந்து வெளியேற்றினாலன்றி ஆங்கில அரசுக்கு உறக்கமில்லை. தக்க காரணம் கிடைத்தாலன்றிப் பிரெஞ்சு அரசு அவர்களை வெளியேற்றாது. காரணம் இல்லையாயின் உண்டாக்கலாமன்றோ? ஒரு நாள் வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்த வேலைக்காரி, வாய் அடைத்த பாத்திரம் ஒன்றைக் கண்டெடுத்தாள். திறந்து பார்க்க, அரசுக்கெதிரான வெளியீடுகளும், வங்க எழுத்திலமைந்த தாள்களும், காளியின் உருவமும் உள்ளே இருந்தன. ஒற்றர்கள் இட்டுச் சென்றவை அவை.

சதியறை ஆடிப் பழகியவர் அந்நேரத்தில் என்ன செய்வர்? தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுவர். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, காளி எதற்குக் குறி என்று விளக்கேற்றி ஆராய்வர். ஆராய்ந்துகொண்டிருக்கையிலேயே போலீசார் உள்ளே நுழைந்திருப்பர். அஞ்சினவராயின் எரித்திருப்பர்; எரித்தது தெரிந்தால் அதுவே குற்றத்துக்குச் சான்றாகிவிடும். அவர்கள் இரண்டும் செய்யவில்லை. செய்தியை அரவிந்தரிடம் கூறினர். பிரெஞ்சுப் போலீசாரை நாமே அழைத்துக் காட்டிவிடுவோம் என்பது அவர் யோசனை. அவ்வாறே செய்தனர்.

இதற்குள் மயூரேசன் என்னும் ஒற்றன் அவர்கள்மீது குற்றஞ்சாட்டியிருந்தான். நாந்தோ என்னும் பிரெஞ்சு விசாரணை நீதிபதி சோதனைக்கு வந்தார். பாரதியார் வீட்டிலும் அரவிந்தர் வீட்டிலும் தேடினார். அரவிந்தர் வீட்டில் அவர் கண்டவை வெடிகுண்டுகளல்ல. கிரேக்க நூல்களும் இலத்தீன் நூல்களுமே. இம்மொழிகளைக் கற்றவரா இவர் என்று வியந்து, பகைமை ஒழிந்து, நட்புரிமையோடு விடைபெற்றுச் சென்றாராம். பொய்க்குற்றம் சாட்டினவனோ, தன்மேல் வழக்கு வருமென்றஞ்சி ஆங்கில எல்லைக்குள் ஓடிப்போனான். எல்லைக்கோடு அவனுக்கும் பயன்பட்டது!

இந்நிகழ்ச்சியில் சதி உண்டு, மறைத்து வைத்த குறிப்பு உண்டு, வைத்தவனும் உண்டு. சதியறைக்கு வேண்டிய யாவும் உள. ஆயினும் குறிப்பை நம்பிப் படித்தவரே ஏமாந்திருப்பார். படிக்கப்படவேண்டுமென்றே எழுதப்பட்ட பொய் அது. கிணற்றிலிருந்து தானே மேலெழுந்து கைக்கு வரும் சான்று, நாம் தேடியதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போற் பொருந்தும் சான்று, ஐயுறத்தக்கது. சிவப்பு நூல் கட்டிய சுவர்க்கும் பாத்திரத்திலிட்ட தாளுக்கும் உறவு நெருங்கியது. இரண்டும் நம்மை எண்ணிச் செய்யப்பட்டவை.

விளையாட்டு அறையில் உள்ள ஒரு பொருள் எல்லாவற்றினும் சிறந்ததென்று எமக்குப் படுகின்றது. அது பூட்டு. எம் நண்பரின் கொள்கை எத்துணை அழகிதாயினும், அவ்வெண்ணுக்கு அது திறக்கவில்லை. பூட்டுக்கு அவர் படித்தவரென்பது தெரியாது; அவர் குரலின் உறுதியும் தெரியாது. தவறென்றால் தவறு, அவ்வளவே. அன்று மாலை பேருந்தில் ஏறியபின் பூட்டில்லை. பூட்டில்லாத இடத்தில் எந்த எண்ணும் சரியான எண்ணே. எதிர்த்துக் கூறியதும் சான்றாகிவிடும், சான்றில்லாமையும் சான்றாகிவிடும். அறையினுள் அறிவுப் பயிற்சியாயிருந்த ஒன்று வெளியே வந்ததும் நம்பிக்கையாகிவிடும் இடம் இதுவே. வெளியுலகிலும் பூட்டுக்கள் இல்லாமலில்லை. நாந்தோவின் சோதனை ஒரு பூட்டு. எம் ஊருக்கு அணித்தாயுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். எவரும் எண்ணிச் சரிபார்க்கத்தக்க அவ்வெண்ணும் ஒரு பூட்டு. தச்சர் மகளின் ஒரு வாக்கியமும் அத்தகையதே. அவற்றை நாடிச் செல்லும் பொறுமைதான் வேண்டும்.

பேருந்தில் வாதிடும் நண்பரால் ஒருவர்க்கும் தீங்கில்லை. வேறிடத்தில் இதே பழக்கம் உயிரைக் குடித்திருக்கின்றது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் கூட்டம் வந்திருக்கின்றதென்று வாட்ஸ்அப் வழியே வடதமிழ்நாட்டில் ஒரு செய்தி பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அருகில், குலதெய்வத்தை வழிபடச் சென்னையிலிருந்து உறவினரோடு சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். செய்தியைப் படித்திருந்தவர் கண்ணுக்கு மிட்டாய் மிட்டாயாகத் தோன்றவில்லை, குறிப்பாகத் தோன்றிற்று. புதிய முகம், புதிய கார், இனிப்பு, யாவும் பொருந்தின. கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. உடன் சென்றோர் படுகாயமுற்றனர். அப்பெருங்கூட்டத்தில், கோயிலுக்கு வழி கேட்டவரைக் கோயில் வரையேனும் அழைத்துச் சென்று பார்ப்போமென்று சொல்ல ஒருவர் இலராயினர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனரென்று காட்டும் படக்காட்சிகள் பரவின. வேறிடத்து வேறு நிகழ்ச்சிகளின் காட்சிகளை இங்கே நிகழ்ந்தனவாகக் காட்டினர். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்துப் பொய்யென்று தெளியும்வரை, திருப்பூர் முதலிய ஊர்களில் உழைத்துண்ணும் மக்கள் அஞ்சி நடுங்கினர்.

அக்கூட்டங்களில் இருந்தோர் யாவரும் எழுத்தறியாதவரென்று எண்ணிவிடலாகாது. கைப்பேசியிற் செய்தியைப் படித்து மற்றவர்க்கு அனுப்பத் தெரிந்தவரே அதனைப் பரப்பினர். கல்லூரியிற் பயிலும் நாம் இதில் மேலானவரென்று எண்ணவும் எமக்குத் துணிவில்லை. மிகுதியாகக் கற்றவர்க்கு மாளிகை கட்டச் செங்கல்லும் மிகுதியாகக் கிடைக்கின்றது. ஆகவே சதியறை ஆடச் செல்லும் நண்பர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. ஆடுங்கள், மகிழுங்கள், வாயிலிற் கைப்பேசியைத் திரும்பப் பெறும்பொழுது, சிவப்பு நூலை அவ்வறையிலேயே விட்டு வாருங்கள்.

அதே 2018ஆம் ஆண்டில், எம் ஊரை அடுத்த சிற்றூர் ஒன்றில், போர்வை விற்க வந்த வடநாட்டார் ஒருவரை இளைஞர் சிலர் மறித்து நிறுத்தினர். மூட்டை பெரிதாயிருந்தது, அவர்க்குத் தமிழ் வரவில்லை, அச்சத்தால் நாவும் எழவில்லை. மூட்டைக்குள் என்ன இருக்கும் என்பது பற்றி அங்கே நான்கைந்து கொள்கைகள் உண்டாகிவிட்டன. சிலர் கைப்பேசியில் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். எதிர்வீட்டுப் பாட்டியார் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மூட்டை முடிச்சைத் தாமே அவிழ்த்து, மேலிருந்த போர்வையொன்றை உதறிப் பார்த்து, விலை என்னவென்று விரலால் கேட்டார். அவர் நான்கு விரல் காட்டினார். பாட்டியார் இரண்டு காட்டினார். இருநூற்றைம்பது ரூபாய்க்கு முடிந்தது. பணமெடுக்க உள்ளே போகுமுன், "ஏண்டா பசங்களா, சும்மா நிக்கிறீங்களே, அந்தாளுக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டுவரக் கூடாதா?" என்றார்.